மாலினின் முழங்கை

பாயாகும்புவுக்கும் புக்கிட்திங்கிக்கும் நடுவே ஜஸ்மான் ஓட்டிய மினிபஸ்ஸில் நான் கண்டக்டராக இருந்தேன். வாசலில் தொங்கிக்கொண்டு ஊர்ப்பெயர்களைக் கத்துவதும், கோழிக்கூடைகளைக் கூரைமேல் ஏற்றி இறக்குவதும் என் வேலை. அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையின் மணிக்கட்டை மட்டும் மெல்லத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வருவார். மனதுக்குள் யாரையோ மடக்கிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரத்தில் நான் பேச்சுக் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் வண்டி குழியில் இறங்கிவிடும்.

அவருக்கு சிலெக் என்கிற எங்கள் ஊர்த் தற்காப்பு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் சொந்தத் தாய்மாமன். பெயர் காத்திக். சாகோ மலையடிவாரத்தில் அவருக்குக் களம் இருந்தது. அவருடையது நாலு அடிவைப்பில் ஆடுகிற நாலடி முறை. காத்திக்கின் பெயர் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரபலம். அதற்குக் காரணம் ஒரே ஒரு ஆட்டம். இளவயதில், அறுப்பு முடிந்த வயலில், பாசோ பக்கத்து மாலினின் கையை அவர் ஒடித்துவிட்டார். அது சிநேகமாக வைத்த ஆட்டம். பிடிக்கலாம், சாய்க்கலாம், ஒடிக்கக் கூடாது. அதனால் எங்கள் பக்கம் "மாலின் கையை ஒடிச்ச காத்திக்" என்று பெருமையாகச் சொல்கிற கதையை, பாசோ பக்கம் "துரோகி காத்திக்" என்று சொல்வார்கள். அன்றைக்குப் பிறகு அந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

ஒரு சந்தை நாளில் வண்டி நிரம்பி வழிந்தது. பாசோ தாண்டியதும் சாலையின் குறுக்கே ஓர் எருமை வந்துவிட்டது. ஜஸ்மான் பிரேக்கை மிதித்த மிதியில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்சீட்டில் மோதினார்கள், நின்றிருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் நடுவழியில் அப்படியே நின்றார். இடது கையில் சேவல். வலது கை மடங்கியபடி விலாவோடு ஒட்டியிருந்தது. அவர் எழுபதைத் தொட்டவர் மாதிரி இருந்தார்.

அவர் இறங்கிப் போன பிறகு ஜஸ்மான் என்னிடம் கேட்டார், "அந்தப் பெரியவர் எதையாவது பிடிச்சிருந்தாராடா?"

"சேவலைத்தாண்ணே பிடிச்சிருந்தாரு."

"கம்பிய?"

"பிடிக்கலைண்ணே. அந்த வலது கை நீளாதே. அவருதான் மாலின், தெரியாதா?"

ஜஸ்மான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் எடுத்தார்.

அதிலிருந்து அவருக்கு வேறு நினைப்பில்லை. கண்ணாடியில் பார்க்கிறபோதெல்லாம் அந்தக் கிழவர் நின்ற நிலைதான் தெரிகிறது என்றார். மாமாவிடம் பாதி வாழ்க்கை கற்றும் தன் காலுக்கு அது வரவில்லை என்றார். வீட்டில் அவர் மனைவி யார்னிஸ் சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஒரு வாத்தியார் பத்தலையா உங்களுக்கு? நல்லவேளை, பொண்டாட்டி விஷயத்துல இந்த ஆசை வரல," என்று சொன்னாள். சொன்னவளே அடுத்த நாள் வெற்றிலையும் வாங்கி வைத்தாள்.

மாமாவிடம் சொல்லாமல் போகக் கூடாது. ஜஸ்மான் போய் எதிரில் உட்கார்ந்து, யாரிடம் போகிறேன் என்பதை மட்டும் விட்டுவிட்டு, இன்னொரு இடத்தில் கற்க விருப்பம் என்றார். காத்திக் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"பாசோ பக்கமா?"

"ஆமா மாமா."

"பேரைச் சொல்லிடாத. சொன்னா நான் வேணாம்னு சொல்லணும். சொல்லலைன்னா, மருமகன் எங்கயோ கத்துக்கப் போறான், போகட்டும்னு இருந்துடுவேன்." பிறகு, "அந்தக் கை இப்ப எப்படி இருக்கு?" என்றார்.

"நீளாது மாமா."

காத்திக் பல்குச்சியை ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

மாலினுக்கு பாசோவில் சாலையோரம் ஒரு கொட்டகை இருந்தது. காப்பி இலையை வாட்டிக் கொதிக்கவைத்துத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தருவார்கள். பின்பக்கம் மூங்கில் தோப்பை ஒட்டிக் களம். ஜஸ்மான் வழக்கப்படி வெற்றிலை, வெள்ளைத்துணி, கத்தி, அரிசி, மிளகாய், சேவல் எல்லாம் கொண்டுபோய் வைத்தார். மாலின் எதையும் தொடவில்லை.

"எழுந்து நில்லு."

ஜஸ்மான் நின்றார்.

"இது காத்திக் நிக்கிற மாதிரில்ல இருக்கு. நீ யாரு அவனுக்கு?"

"அக்கா மகன்."

என் சிரட்டை பாதியில் இருந்தது. வாசலுக்கு எத்தனை தூரம் என்று பார்த்துக்கொண்டேன். மாலின் சிரித்தார்.

"அவன் வளர்த்த பிள்ளை என் வீட்டுல வந்து கையைக் கட்டிட்டு நிக்கிறான். இதை ஏன் வேணாம்பேன்? வெத்தலையை எடுங்கடா. ஆனா ஒண்ணு, மருமகனே. அவன் பேரு இந்தக் களத்துல வரக்கூடாது."

அவர் ஜஸ்மானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் 'காத்திக் மருமகனே' என்றுதான். அவர் விதித்த விதியை மீற அவருக்கு மட்டும் அனுமதி போலிருந்தது.

மாலினுடையது மூவடி முறை. முதலில் பல மாதம் ஜஸ்மானுக்கு நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தார். மாமா தந்த நாலாவது அடி தானாக வந்து விழும். விழும்போதெல்லாம் மாலின் ஒரு மூங்கில் குச்சியால் அந்தக் காலைத் தட்டுவார். "இந்தக் காலு உங்க மாமன் வீட்டுக்குப் போகுது பாரு. கூப்பிடு அதை." மதிய வண்டிக்கும் சாயங்கால வண்டிக்கும் இடையே கிடைக்கிற நேரத்தில்தான் இதெல்லாம். நான் கொட்டகையில் லாமாங் என்கிற மூங்கில் சோற்றைத் தின்றபடி பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு சிலெக் வராது. ஆனால் ஒருவன் மாறுவதைப் பார்க்க அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிரேக் போடும்போதுகூட ஜஸ்மானின் உடம்பு இப்போது முன்னால் போகவில்லை.

மாலின் முறையின் உயிர் முழங்கையில் இருந்தது. எதிராளி கத்தியோ கையோ நீட்டி வருவான். நாம் ஓர் ஓரமாக விலகி, இடது உள்ளங்கையால் அதைத் தள்ளி, வலது முழங்கையை அவன் முகத்துக்கு எழுப்ப வேண்டும். அது எழும் வேகத்தில் வந்தவன் தானே பின்வாங்கிவிடுவான். அவர் அப்பாவிடமிருந்து வந்த வித்தை. அதைக் கடைசியாகத்தான் கொடுத்தார்.

மூன்றாவது வாத்தியார் கிடைத்தது தற்செயலாக. புக்கிட்திங்கியில் வண்டி நிரம்பக் காத்திருக்கும் இடத்துக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கு வறுவல் போடுகிற கூடம் ஒன்று உண்டு. வேலை ஓய்ந்த நேரத்தில், கிழங்குச் சீவல் காயவைக்கிற முற்றத்தில் அங்கிருந்த பெண்கள் சிலெக் ஆடுவார்கள். சொல்லிக்கொடுத்தவள் தெஸ்மா. முப்பது வயதிருக்கும். அவள் அப்பா அகாம் பக்கத்தில் பெரிய ஆட்டக்காரர். தரையோடு தரையாகப் புலி மாதிரி பதுங்கி ஆடுகிற முறை அவர்களுடையது. ஜஸ்மான் வேலியோரம் நின்று பார்ப்பதை அவள் சில நாள் பொறுத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"டிரைவர் அண்ணே, வறுவல் வாங்கணும்னா கடை முன்பக்கம் இருக்கு. வேற என்ன வேணும்?"

"கத்துக்கணும்."

பெண்கள் எல்லாரும் ஒரேயடியாகச் சிரித்தார்கள். தெஸ்மா சிரிக்கவில்லை.

"உங்களைவிட நான் சின்னவ. அதுவும் பொம்பளை. ஊர்ல போய் யார்கிட்ட கத்துக்கிறேன்னு சொல்லுவீங்க?"

"தெஸ்மாகிட்டன்னு."

"சரி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க, கிழங்கு காயுது."

அடுத்த நாளே முறைப்படி வெற்றிலையும் கத்தியும் கொண்டுவந்து வைத்து அவர் அவளை அசடு வழியவைத்தார். அதன்பிறகு அவளும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "பஸ் ஓட்டுற மாதிரியே இடுப்பை வச்சிருக்கீங்க அண்ணே. இது சீட் இல்ல, எறங்குங்க. இன்னும் எறங்குங்க," என்று விரட்டுவாள். சாயங்காலம் அவர் வண்டியில் ஏறும்போது தொடை நடுங்கும். பிரேக்கை மிதிக்கவே கஷ்டப்படுவார்.

ஒரு நாள் அவள் மற்ற முறைகளில் என்ன தெரியும் என்று கேட்டாள். ஜஸ்மான் கொஞ்சம் பெருமையோடு மாலினின் முழங்கையை எடுத்துக் காட்டினார். அவள் கை நீட்டி வந்தாள். இவர் விலகினார், தள்ளினார், முழங்கை எழுந்தது. அவள் பின்வாங்கவில்லை. அப்படியே கீழே இறங்கி, எழுந்த முழங்கையை அடியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தாள். அடுத்த நொடி ஜஸ்மான் கிழங்குச் சீவலில் முகம் புதையக் கிடந்தார்.

எழுந்து மறுபடி செய்தார். மறுபடி விழுந்தார். வேகமாகச் செய்தார், மெதுவாகச் செய்தார், ஒன்றும் மாறவில்லை.

"யாருண்ணே இதைக் குடுத்தது?" என்றாள் தெஸ்மா. "முழங்கை மேல போறப்ப எடை பூரா முன்காலுக்குப் போயிடுது. அடியில காவலே இல்ல. பின்னால போறவன்கிட்ட இது செல்லும். கீழ எறங்குறவன்கிட்ட கதவைத் தொறந்து வச்சுட்டு நிக்கிறீங்க. நான் இன்னும் கொஞ்சம் திருகியிருந்தா கை போயிருக்கும்."

திரும்பி வரும்போது பாசோவில் நிறுத்தச் சொல்லி ஆட்கள் கத்தியும், ஜஸ்மான் கொட்டகையைத் தாண்டித்தான் நிறுத்தினார். எனக்குப் புரிந்துவிட்டது. எதிரியின் மருமகனுக்கு மாலின் வேண்டுமென்றே ஓட்டையுள்ள வித்தையைக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த வாரம் முழுவதும் அவர் களத்துக்குப் போகவில்லை.

யார்னிஸ்தான் அதை உடைத்தாள். "நீங்க போய் கேட்டீங்களா?"

"இதை எப்படிக் கேக்குறது?"

"கேக்காமலே கோவப்பட மட்டும் தெரியுதா? கேட்டுட்டு வந்து கோவப்படுங்க. நானும் சேர்ந்து கோவப்படுறேன்."

அடுத்த நாள் பாசோவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனோம். களத்தில் மாலின் தன் தங்கை மகனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல வாலிபன். தனக்குப் பிறகு களத்தையே அவனிடம்தான் கொடுக்கப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஜஸ்மான் மூங்கிலுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். அவனுக்கும் அதே முழங்கைதான். அதே எடை, அதே முன்கால், அதே திறந்த கதவு. "உயர்த்து, இன்னும் உயர்த்து," என்று கிழவர் ஆசை ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவருக்கே தெரியாதுடா," என்றார் ஜஸ்மான் என் காதருகே. அவர் முகத்தில் கோபம் வடிந்துவிட்டிருந்தது. ஆனால் முன்னைவிடக் கலங்கியிருந்தார். துரோகம் என்றால் விலகிவிடலாம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொன்னால் குருவின் அப்பா வித்தையையே குறை சொன்னதாகும். சொல்லாவிட்டால் அந்தப் பையன் என்றைக்காவது யாரிடமாவது கையைக் கொடுத்துவிட்டு நிற்பான்.

தெஸ்மாவிடம் கேட்டபோது அவள் எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாயால சொல்லாதீங்க அண்ணே. எங்கப்பாகிட்ட அவரு தப்பை நான் ஒரு தடவை சொன்னேன், ரெண்டு மாசம் பேசல. இன்னொரு தடவை கையால காட்டினேன். சோறு போட்டுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்தாரு."

அப்படித்தான் ஜஸ்மான் செய்தார். மாலின் கொட்டகைக்குப் பின்னால் தனியாக இருந்த ஒரு மத்தியானம், "ஐயா, இன்னிக்கு நான் கை நீட்டி வரேன். நீங்க முழங்கை எடுங்க," என்றார். மாலினின் வலது கை மடங்கியேதான் இருந்தது என்றாலும் அந்த முழங்கை எழுவதற்கு அது போதும். இன்னும் மின்னல் மாதிரிதான் எழுந்தது. ஜஸ்மான் கீழே இறங்கினார். அடியிலிருந்து இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்ததோடு நிறுத்திக்கொண்டார், திருகவில்லை.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். கிழவர் தன் முழங்கையைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கை ஒடிந்ததும் இப்படித்தான்.

"மறுபடி பண்ணு," என்றார் மாலின்.

ஜஸ்மான் மறுபடி இறங்கிப் பிடித்தார். மாலின் வேறு விதமாக முழங்கையை எடுத்துப் பார்த்தார், அகலமாக, குறுகலாக. எப்படி எடுத்தாலும் கீழே இடம் இருந்தது. கடைசியில் மூங்கில் வேரில் போய் உட்கார்ந்தார்.

"அவன் பண்ணது இதுதான். அவன் விதியை மீறினான்னு இத்தனை வருஷமா சொல்லிட்டிருந்தேன். மீறலடா. இடம் இருந்துச்சு, உள்ள வந்துட்டான். அவ்வளவுதான்." பிறகு சட்டென்று நிமிர்ந்தார். "இதை உனக்கு அவனா சொல்லிக்குடுத்தான்?"

"இல்லை ஐயா. புக்கிட்திங்கியில ஒரு பொண்ணு. கிழங்கு வறுக்குறா."

"பொண்ணா?" கிழவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கதவை மூடவும் அவளுக்குத் தெரியுமா, கேட்டுட்டு வா."

அவர் குரலில் ஏதோ ஒன்று இளகியிருந்தது. துரோகத்தால் தோற்றோம் என்று இருப்பதைவிட, வித்தையால் தோற்றோம் என்று இருப்பது அவருக்கு லேசாக இருந்திருக்க வேண்டும்.

ஜஸ்மான் நேராகத் தாய்மாமனிடம் போனார். மாமா அன்றைக்கே மாலின் முறையின் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் அல்லவா? அதை மாலினே ஒத்துக்கொண்டார் என்று சொல்வதில் அவருக்குச் சந்தோஷம். நானும் கூடப் போயிருந்தேன். கேட்கக் கேட்கக் காத்திக்கின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"ஓட்டையா? என்ன ஓட்டை?"

ஜஸ்மான் செய்து காட்டினார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுடா," என்றார் காத்திக். "முந்தின நாள் மழை. வயல்ல சேறு. அவன் முழங்கை வந்துச்சு, நான் பின்னால போகப் பார்த்தேன், வழுக்கிட்டேன். விழுறப்ப கைக்குக் கெடச்சதைப் பிடிச்சேன். என் எடை பூரா அதுல தொங்கிடுச்சு. சத்தம் கேட்டப்பதான் என்ன பண்ணிட்டேன்னே தெரிஞ்சுது."

"ஏன் மாமா சொல்லல?"

"எழுந்திரிச்சதும் சொல்லியிருக்கணும். அதுக்குள்ள தோள்ல தூக்கிட்டானுங்க. தோள்மேல உக்காந்துக்கிட்டு வழுக்கிட்டேன்னு எவன் சொல்லுவான்? மறுநாளு அவங்க ஆளுங்க துரோகின்னாங்க. அப்ப சொன்னா பயந்துட்டான்னு ஆயிடும். அப்புறம் பசங்க கத்துக்க வர ஆரம்பிச்சாங்க." அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்தவனுங்களுக்கு நல்லாத்தான் சொல்லிக்குடுத்தேன். அதுல குறை வைக்கல."

"குறையே இல்ல மாமா."

இதையும் கொண்டுபோய் மாலினிடம் சொல்வதா, அவருக்கு இப்போதுதான் கிடைத்த நிம்மதியை அப்படியே விட்டுவிடுவதா என்று ஜஸ்மான் தவிப்பது எனக்குத் தெரிந்தது. அந்தத் தவிப்பைக் காத்திக்கும் பார்த்திருக்க வேண்டும்.

"நீ சொல்லாத. இது உன் வாயால போகக் கூடாது. நாளைக்குக் காலை வண்டியில எனக்கு முன்சீட்டு போடு," என்றார்.

சொன்னபடியே வந்தார். நல்ல சட்டையும் கறுப்புக் குல்லாவும் போட்டிருந்தார். கொட்டகை முன்னால் வண்டி நின்றதும் இறங்கி நேராக உள்ளே போனார். மாலின் சிரட்டையோடு உட்கார்ந்திருந்தார். யார் என்று தெரிந்ததும் சிரட்டையைக் கீழே வைத்தார்.

"வழுக்கிட்டேன் மாலின்," என்றார் காத்திக், நின்றபடியே. "அன்னிக்குச் சேத்துல வழுக்கிட்டேன். வித்தையும் இல்ல, வஞ்சனையும் இல்ல. விழுறப்ப உன்னைப் பிடிச்சேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

மாலினின் முகம் சிவந்தது. எழுந்தே விட்டார்.

"இப்ப எதுக்குடா வந்து சொல்ற? வித்தையில தோத்தேன்னு நேத்துதான் மனசைத் தேத்திக்கிட்டேன். அதையும் பிடுங்கணுமா உனக்கு? சேத்துலயா தோத்தேன் நான்? சேத்துலயா?"

"உண்மை அதுதான், நான் என்ன பண்ண?"

"உண்மையை அன்னிக்கே சொல்லியிருக்கணும்!"

"ஆமா."

"நான் படுத்துக் கெடந்தப்பவாவது வந்து சொல்லியிருக்கணும்!"

"ஆமா. வந்திருக்கணும்."

எல்லாவற்றுக்கும் ஆமா என்பவனிடம் எவ்வளவு நேரம் கத்த முடியும்? மாலின் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வெளியே வண்டியில் ஒருத்தி, "டிரைவர், சந்தை முடிஞ்சுடும்! மீன் நாறுது!" என்று கத்தினாள். மாலின் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, காத்திக்கின் சட்டையைப் பார்த்தார்.

"சட்டையைக் கழட்டுடா," என்றார். "இன்னிக்கு மழை இல்ல."

இரண்டு கிழவர்களும் பின்பக்கம் போனார்கள். கொட்டகையே பின்னால் போனது. சந்தைக்குப் போகிறவர்களும் மீன்காரியும் இறங்கி வந்து மூங்கிலோரம் நின்றார்கள். அவர்கள் ஆடியதைச் சண்டை என்று சொல்ல முடியாது. மெதுவாகச் சுற்றினார்கள். காத்திக்கின் நாலாவது அடி விழும்போதெல்லாம் மாலின் உதட்டைச் சுழித்தார். கைகள் தொட்டன, விலகின. பிறகு காத்திக் கை நீட்டினார். மாலினின் முழங்கை எழுந்து, அவர் முகத்துக்கு நேரே நின்றது.

"எறங்கு," என்றார் மாலின். "எறங்கிப் பிடி. எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"முட்டி மடங்காதுடா."

முதலில் சிரித்தது மீன்காரி. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அந்த இரண்டு பேரைத் தவிர. அவர்கள் இன்னும் கொஞ்சநேரம் அப்படியே நின்று, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துவிட்டுக் கைகளைத் தாழ்த்தினார்கள். மாலின் தோழமையாக எதுவும் சொல்லவில்லை. காத்திக்குக்கு ஒரு சிரட்டை ஊற்றச் சொன்னார். அது மட்டும்தான்.

அவர்கள் அதன்பிறகும் சிநேகிதர்கள் ஆகவில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் தலையசைப்பார்கள். மாலின் தன் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு, எங்கள் வண்டியிலேயே புக்கிட்திங்கிக்குப் போய் தெஸ்மாவைப் பார்த்தார். அவள் பதறிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். முழங்கை எழும்போது பின்காலில் எடையை விட்டுவைக்கிற ஒரு வழியை அவர்கள் மூன்று பேரும் ஜஸ்மானும் சேர்ந்து பிடித்தார்கள். யாருடைய முறை அது என்று கேட்டால், மாலின் தன் அப்பாவுடையது என்கிறார். தெஸ்மா மறுத்துப் பேசுவதில்லை.

ஜஸ்மானிடம் அவர் யாருடைய மாணவர் என்று கேட்டால் மூன்று பெயரையும் சொல்லுவார். கேட்டவர்களுக்கு அது பிடிப்பதில்லை. ஒரு பெயர்தான் வேண்டும் அவர்களுக்கு. இப்போது அவரும் சாயங்காலத்தில் சில பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். "இது எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்தான். எங்கயாவது ஓட்டை இருக்கும். கண்டுபிடிச்சா வந்து காட்டுங்க," என்பதைத்தான் முதலில் சொல்வார்.

காத்திக்கின் பாடுதான் கஷ்டமாகிவிட்டது. ஊருக்கு வந்ததும் தன் களத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நடந்ததை நடந்தபடி சொன்னார். சேறு, வழுக்கல், எல்லாம். ஒருவரும் நம்பவில்லை. எவ்வளவு பெரிய மனசு, எதிராளியின் மானத்தைக் காப்பாற்றத் தன் பெயரையே விட்டுக்கொடுக்கிறார் பாருங்கள் என்று காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள். அந்த வருஷம் அவரிடம் கற்க முன்னைவிட அதிகம் பேர் வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் அவர் முதலிலிருந்து அந்தக் கதையைச் சொல்கிறார். கேட்டுவிட்டு அவர்கள் இன்னும் பணிவாகக் கும்பிடுகிறார்கள்.